உள்ளே கைப்பிடி இல்லாத வீடு

வேலையில்லாத ஆண்பிள்ளை கையில் வரம்பில்லாத டேட்டா உள்ள போனைக் கொடுத்துத் தனியாக விடக்கூடாது. இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

பதினான்கு வருடம் ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, நாலு வருடத்துக்கு முன் காரைக்காலுக்குத் திரும்பி வந்தேன். அங்கே எட்டுப் பேர் படுக்கும் கேம்ப் அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் ஒரே வகை வீடியோதான். ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்த பிறகும் அதேதான். ஒரு வெள்ளைக்காரன் பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்குவான். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து அதை ஓடுகிற வீடாக மாற்றுவான். கடைசிக் காட்சியில் வெளியே பனி கொட்டும். அவன் உள்ளே அரைக்கை பனியனோடு காபி குடிப்பான். அந்த பனியன்தான் என்னைக் கெடுத்தது.

இந்த இடத்தில் எங்கள் குடும்ப வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு, மரியாதை மாப்பிள்ளைக்கு. மரியாதையில் ஒரு குறையும் கிடையாது, மீன் குழம்பில் நல்ல துண்டு எனக்குத்தான். ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் மாமியிடம், அதாவது என் மாமியாரிடம், கேட்க வேண்டும். (கேட்டேன். "எதுக்கு மாப்ள ஆணி" என்றார். எதற்கு என்று எனக்கே மறந்துபோய்விட்டது.) உண்மையைச் சொன்னால், நாற்பது வயதுக்குள் ஒரு கூரையையாவது 'இது என்னுடையது' என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. நிலம் வாங்க வழியில்லை. வேன் வாங்கலாம்.

மலைத்தோட்டத்தில் ஓடிய பழைய சரக்கு வேன் ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம் விலைக்கு வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பனியோ சேறோ எதிலும் ஏறும். அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று மாமி வாசலில் நின்று பார்த்தார்.

"நாலு சக்கரமும் இழுக்கும் மாமி."

"அப்ப மத்த வண்டியில எல்லாம் ரெண்டு சக்கரம் சும்மா உக்காந்துட்டா வருது?"

கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அந்தத் தெருவில் வேனைத் திருப்பவே இடமில்லை. வரிச்சிக்குடியில் விவசாயம் பார்க்கும் என் பள்ளித்தோழன் குமரவேலின் நெல் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

திட்டம் இதுதான்: வேனை வீடாக்கி, குளிர்காலத்தில் என் மனைவி ஜமீலாவைக் காஷ்மீருக்கு அழைத்துப்போய்ப் பனி காட்டுவது. மூன்று மாதப் பயணம். ஜமீலாவுக்குச் சம்மதம். ஆனால் பிறந்ததிலிருந்து தாய் வீட்டை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் அவள் எங்கும் தங்கியதில்லை. மாமி ஒரே நிபந்தனை போட்டார்.

"வீடுன்னு சொல்றீங்க. சரி. நான் வந்து உள்ள உக்காந்து பாக்குறேன். வீடு மாதிரி இருந்தா புள்ளைய அனுப்புறேன். இல்லாட்டி இல்ல."

ஆக என் காஷ்மீர், என் கூரை, என் பனியன் எல்லாமே மாமியின் ஒரு பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தன.

நான்கு பருவத்துக்கும் ஏற்ற வேன் வீடு என்று அந்த வீடியோக்களில் சொல்வார்கள். காரைக்காலுக்கும் நாலு பருவம் உண்டு: வெயில், அதைவிட வெயில், புயல் எச்சரிக்கை, புயல். இதில் பனிக்கு எதிராகச் சுவர் எழுப்ப ஆள் தேடினால் யார் கிடைப்பார்? ஏசி மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குளிர் வெளிய போகாம பண்ணித் தரலாம். குளிர் உள்ள வராம எதுக்குங்க?" என்றார்.

கடைசியில் மீன்பிடித் துறைமுகத்தில் செல்வமணி அண்ணன் கிடைத்தார். விசைப்படகுகளில் பிடித்த மீனை ஐஸ் போட்டு வைக்கிற அறை இருக்கிறதே, அதைக் கட்டுவதில் கைதேர்ந்தவர். ஃபோம், அதன்மேல் அலுமினியத் தாள், அதற்கும் மேல் ஃபைபர். அவர் கட்டிய அறையில் ஐஸ் பல நாள் கரையாமல் நிற்கும் என்று துறைமுகமே சொன்னது. குளிரை உள்ளே பூட்டத் தெரிந்தவருக்கு வெளியே பூட்டத் தெரியாதா என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, வேலையை ஒப்படைத்தேன்.

நான் படம் வரைந்து கொடுத்திருந்தேன். செல்வமணி அண்ணன் படத்தை மரியாதையாக வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை.

"அண்ணே, இங்க ஜன்னல்."

"ஜன்னல் வச்சா ஐஸ் கரைஞ்சிரும் தம்பி."

"ஐஸ் வைக்கப்போறதில்லண்ணே."

"இப்ப வைக்க மாட்டீங்க. நாளைக்கு?"

கூரையில் காற்றாடிக்கு ஓட்டை போடவும் மறுத்துவிட்டார். டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் வழி விடச் சொன்னேன். அதையும் ஃபைபர் வைத்து அடைத்துவிட்டார். பக்கவாட்டுக் கதவு சுவருக்குள் போய்விட்டது. பின்னால் ஒரே ஒரு கதவு, அரை முழம் தடிமன். தரையில் ஒரு மூலையில் கட்டை விரல் அளவுக்கு ஓட்டை, ஐஸ் தண்ணீர் வடிய. நான் எதற்கும் சண்டை போடவில்லை. ஏனென்றால் உள்ளே பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகு. ஒரு திருகாணி தெரியாது, ஒரு பிடி தெரியாது, கதவின் உள்பக்கம்கூட வெண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. "கைப்பிடி ஒண்ணும் துருத்திக்கிட்டு இல்லாம எவ்வளவு நீட்டா இருக்கு" என்று செல்வமணி அண்ணனின் கையைப் பிடித்துப் பாராட்டினேன். (ஆமாம், என் வாயால்தான் சொன்னேன்.)

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பால் காய்ச்சுவது என்று முடிவானது. புது வீடென்றால் பால் காய்ச்சாமல் எப்படி என்று மாமியே சொல்லிவிட்டார். களத்தில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து, டீயும், இறால் வைத்துப் பொரித்த வாடாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமி புதுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வேனில் ஏறினார். ஏறுவதற்கு முன் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாங்க பால் காய்ச்சப் போறோம். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கதவுகிட்ட வரக்கூடாது."

மாமி சொன்னால் சொன்னதுதான். செல்வமணி அண்ணன் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

உள்ளே நான், ஜமீலா, மாமி. பேட்டரியில் ஓடும் மின்சார அடுப்பில் மாமி பிஸ்மி சொல்லிப் பால் வைத்தார். கட்டிலை அழுத்திப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மூடினார். முகத்தில் ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. அதைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமி, காஷ்மீர் பனியில எப்படி இருக்கும்னு ஒரு டெமோ காட்டுறேன்" என்று கதவை ஓங்கிச் சாத்தினேன். வெளியே 'களுக்' என்று ஒரு சத்தம். நான் ஆன்லைனில் வரவழைத்திருந்த டீசல் ஹீட்டரையும் முழு வேகத்தில் போட்டேன்.

மே மாதம். வரிச்சிக்குடி. ஹீட்டர்.

இரண்டே நிமிடத்தில் மாமியின் நெற்றியில் வேர்வை பூத்தது. "பனி ரொம்ப நல்லா இருக்கு மாப்ள. கதவத் தெறங்க" என்றார் அமைதியாக.

நான் கதவிடம் போனேன். வெண்ணெய் போன்ற அந்த வழவழப்பைத் தடவினேன். மேலே தடவினேன். கீழே தடவினேன். பிடித்து இழுக்க எதுவுமே இல்லை. மீன் அறைக்குப் போடுகிற கனத்த கொண்டி வெளியே தானாக விழுந்து மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்க மாமி, அப்பதான் முழுசா தெரியும்" என்றேன்.

ஜமீலா என் முகத்தைப் பார்த்தாள். "உம்மா, இவரால தெறக்க முடியல. விசா முடிஞ்சப்ப வீடியோ கால்ல இதே மூஞ்சிதான் வச்சிருந்தாரு."

ஹீட்டரை நிறுத்தினேன். அது நிறுத்தின உடனே நிற்கிற ஜாதி இல்லை. தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் எங்கள்மீது ஊதியது. சுவரைக் குத்தினேன், தலையணையைக் குத்தியது போல இருந்தது. கத்தினேன், சத்தம் ஃபோமுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. போனை எடுத்தேன், நானே காசு கொடுத்து ஒட்டிய அலுமினியத் தாள் சிக்னலில் ஒரு கோட்டைக்கூட உள்ளே விடவில்லை.

"நாலு சக்கரம் இழுக்குதுன்னீங்க" என்றார் மாமி, துப்பட்டி நுனியால் விசிறிக்கொண்டு. "கதவு ஒண்ண இழுக்க ஒரு பிடி வைக்கலியே."

தரை ஓட்டையைக் கண்டுபிடித்ததும் மாமிதான். நான் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றப் போனேன். "தண்ணிய ஊத்தினா ஏசி தண்ணின்னு விட்டுருவாங்க. பால ஊத்துங்க" என்றார். அந்த வெக்கையிலும் அவர் மூளை மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. காய்ச்சிய பால் முழுவதையும் ஓட்டையில் ஊற்றினோம். காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

வெளியே நடந்தது பிறகுதான் தெரிந்தது. வேனுக்கு அடியில் பால் ஒழுகுவதைப் பார்த்த குமரவேல் மெய்சிலிர்த்துப் போயிருக்கிறான். "பாருங்க, பொங்கி வழிஞ்சு மண்ணுக்கே வந்துடுச்சு. ரொம்ப நல்ல சகுனம்" என்று போட்டோ எடுத்து, எங்கள் பள்ளித்தோழர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். நாங்கள் உள்ளே வெந்துகொண்டிருந்த நேரத்தில் வெளியே வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன.

அடுத்ததாகக் கரண்டியின் காம்பை ஓட்டையில் விட்டு ஆட்டினேன். இதைச் செல்வமணி அண்ணன் பார்த்துவிட்டார். படகில் ஐஸ் தண்ணீர் ஓட்டை அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் குச்சி விட்டுக் குத்துவாராம். கீழே இருப்பவரும் உதவிக்குக் குத்துவாராம். அந்த நல்ல மனிதர் வேனுக்கு அடியில் படுத்து, கரண்டியை மேலே தள்ளினார். நான் கீழே தள்ளினேன். அவர் மேலே தள்ளினார். கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு நான் தரையில் குப்புறப் படுத்து, ஓட்டையில் வாயை வைத்தேன்.

"அண்ணே, கதவத் தெறங்க."

"மாமி சொல்லாம தெறக்கக் கூடாதுன்னாங்களே தம்பி."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றீங்க. மாமி சொல்லலியே."

ஷார்ஜாவின் பதினான்கு வருடமும், என் பெயரில் இருந்த ஆர்சி புத்தகமும் அந்த ஓட்டைக்கு முன் செல்லவில்லை. நான் எழுந்து மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார். யாருக்கும் குனிந்து பழகாத அந்த மனுஷி, துப்பட்டியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, பால் பிசுபிசுக்கும் தரையில் மெதுவாகப் படுத்து, ஓட்டையில் வாயை வைத்தார்.

"செல்வமணி, நான்தான் சொல்றேன். தெறப்பா."

கதவு திறந்தது. மே மாத வெயில் எங்கள் மேல் ஊட்டிக் காற்று மாதிரி வீசியது. பந்தலில் வாடா கடிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. செல்வமணி அண்ணன் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நிஜமான வியப்போடு சொன்னார்: "இத்தன வருசமா கட்டுறேன் தம்பி. எந்த மீனும் உள்ளருந்து கதவத் தெறக்கச் சொன்னதில்ல."

மாமி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீயை முழுவதும் குடித்தார். காஷ்மீர் போச்சு, கூரை போச்சு, இனி ஆயுளுக்கும் ஆணி அடிக்க அனுமதி கேட்கலாம் என்று அழுகையே வந்துவிட்டது.

"வீடு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமி. "வெளிச் சத்தம் ஒண்ணும் உள்ள வரல. எங்க வீட்டுலகூட இப்படி நிம்மதியா இருந்ததில்ல. ஆனா புள்ளையத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வர்றேன்."

"நீங்களா மாமி?"

"உள்ள நானும் ஜமீலாவும் படுத்துக்கிறோம். கதவத் தெறக்க வெளியில ஒரு ஆளு வேணும்ல, நீங்க இருங்க."

அந்த வாரமே செல்வமணி அண்ணன் உள்ளேயும் ஒரு பிடி வைத்தார், காற்றுக்கு வழியும் விட்டார். மாமி அந்தப் பிடியை நம்பவில்லை. காஷ்மீருக்கு முன் ஒத்திகை என்று டிசம்பரில் கொடைக்கானல் போனோம். உம்மாவும் மகளும் உள்ளே ஹீட்டர் கதகதப்பில் தூங்கினார்கள். நான், என் பெயரில் உள்ள வீட்டுக்கு வெளியே, டிரைவர் சீட்டில் சுருண்டு கிடந்தேன். விடிந்ததும் உள்ளே இருந்து கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். மாமி கையில் சூடான காபியோடு உட்கார்ந்திருந்தார். மேலே ஸ்வெட்டர்கூட இல்லை.

காஷ்மீர் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும், விருந்தாளியே ஆனாலும், கூடத்திலிருந்து மாமி குரல் கொடுப்பார்: "வெளியில மாப்பிள்ளை இருக்காரா?" எல்லோரும் சிரிப்பார்கள். நான் எங்கே இருந்தாலும் "இருக்கேன் மாமி" என்று பதில் சொல்ல வேண்டும், அது இப்போது வீட்டுச் சட்டம்.

சிரித்து முடித்ததும் அந்தப் புது விருந்தாளிக்கு மாமி முழுக் கதையையும் சொல்வார். தரையில் படுத்ததை மட்டும் விட்டுவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் "எங்க மாப்பிள்ளை வீட்டுல பால் காய்ச்சின அன்னைக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். மாப்பிள்ளை வீடு. அதைக் கேட்பதற்காகவே நான் வெளியில் நிற்கிறேன்.