கழுகு முத்திரை இட்ட சாவி

பூட்டும் சாவியும் பிறந்த நாள் முதல், ஒரு சாவிக்கு உரிய மரியாதையைச் செய்த அலுவலகம் உலகத்தில் ஒன்றுதான். அது நைல் டெல்டாவில், கஃப்ர் ஸைதூன் ஊரின் குடிநீர் இயக்ககம். சாவியை வைத்துப் பூட்டைத் திறக்க யாராலும் முடியும். திறக்காமலே சாவியைக் கௌரவிப்பது பெரிய மனிதர்களுக்குத்தான் கைவரும்.

பொறியாளர் வஹீபுக்கு இது புரியப் பதினோரு நாள் ஆயிற்று. ஊரின் பம்புகள் தொலைவில் கால்வாய்க்கரையில் இருந்தன. 'நவீனமயமாக்கல்' நடந்து, அங்கே கைப்பிடி சுற்றியவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இனி அலுவலகத்திலிருந்தே பம்பு நிலையக் கணினிக்குள் நுழைந்து இயக்க வேண்டும். நுழைவதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. இரும்புச் சாவி அல்ல, அர்த்தமே இல்லாத இருபத்தேழு வரி எழுத்துகள். அலுவலகத்தின் பழைய கணினி செத்துப் புதியது வந்தது. புதியதற்குச் சாவியின் பழைய வடிவம் பிடிபடவில்லை. பம்புகள் நின்றன.

வடிவத்தை மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் சாவி இருந்த வட்டு இயக்குநர் ஷவ்கத் பேயின் இழுப்பறையில் இருந்தது. 'பே' என்பது அங்கே பெரிய அதிகாரிகளுக்கு உரிய மரியாதைப் பட்டம். அவரும் வஹீபின் தெருவாசிதான். குளிக்கத் தண்ணீர் இல்லாததால் நாளுக்கு நாள் அவர் மேல் அத்தர் வாசனை கூடிக்கொண்டே வந்தது.

"வடிவம் மாறுதுன்னா அது மொழிபெயர்ப்பு, பாஷ்முஹந்திஸ்," என்றார் பே. பொறியாளர் எவரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "மொழிபெயர்ப்புன்னா கமிட்டி வேணும், 'அசலுக்கு ஒத்த நகல்'னு சான்று வேணும், அரசாங்கத்தோட கழுகு முத்திரை வேணும். நாளைக்கு எவனாவது வந்து இது வேற சாவின்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

நான்காம் நாள் மனைவி இன்ஷிராஹ் போனில் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு மாடி கேன் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை கழண்டு போச்சு, வஹீப். ஊருக்கே தண்ணி விடுற ஆபீஸ்ல என்னத்ததான் கிழிக்கிற?"

மறுநாள் ஐவர் கமிட்டி கூடியது. அவர்கள் கண் முன்னே வஹீப் ஒரு நிமிஷத்தில் சாவியை மாற்றிக்கொடுத்தான். வட்டு உடனே இழுப்பறைக்குத் திரும்பியது. பிறகு நான்கு நாள் ஒப்புநோக்கு. பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் தாளில் அச்சிட்டார்கள். கமிட்டி உறுப்பினர் மதாம் அவாதிஃப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரித்து உரக்கப் படித்தார். ஜன்னல் திறந்திருந்ததால் கீழே தெருவில் கோஷரிச் சோறு விற்கிறவனுக்கு முதல் மூன்று வரி மனப்பாடம் ஆகிவிட்டது. முடிவில், இரண்டு தாளிலும் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, 'அசலுக்கு ஒத்த நகல்' என்று ஐவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள். கழுகு முத்திரை விழுந்தது. பொதுமக்களின் ஆட்சேபம் கோரி, புதிய சாவி ஏழு நாளைக்கு மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

வஹீப் பேயின் அறைக்கு ஓடினான். "பே, இது ரகசியச் சாவி. யார் கண்ணுலயும் படக்கூடாது."

"அதுக்குத்தானே முத்திரை குத்தியிருக்கு," என்றார் பே.

வியாழக்கிழமை இன்ஷிராஹ் கேனோடு மூன்றாம் மாடியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வஹீபுக்கு ஆத்திரம் பொங்கியது. ஊழியன் என்ற முறையில் சாவியைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை. பொதுமக்களில் ஒருவன் என்ற முறையில் பலகையைப் படிக்கத் தடையும் இல்லை. படம் எடுத்து வந்து, வெள்ளி மதியம் வீட்டில் தன் கணினி முன் உட்கார்ந்து இருபத்தேழு வரியையும் அடித்தான். பம்புகள் ஓடின. குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. இன்ஷிராஹ் கட்டுப்போட்ட கையோடு குழாயடியில் நின்று அழுதாள்.

ஞாயிறன்று விசாரணை. 'ஆட்சேபக் காலம் முடியுமுன், பொதுமக்களுக்கு அனுமதியின்றித் தண்ணீர் வழங்கிய குற்றம்.' பம்புகளை உடனே 'முன்பிருந்த நிலைக்கு'க் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவும் தயாராக இருந்தது. பே எழுந்து, மேசை மேல் குனிந்து, குற்றப்பத்திரிகையைக் கம்பீரமாக வாசித்தார். அன்று அவரிடம் அத்தர் வாசனை இல்லை. சோப்பு வாசனைதான் வந்தது.

"கையெழுத்துப் போடு, பாஷ்முஹந்திஸ்."

"போடறேன், பே. முதல்ல தலையத் துவட்டிக்கோங்க. குற்றப்பத்திரிகைல சொட்டுது."