ஐஸ் பெட்டிக்குள் மாமாவின் கிட்டார்

கடத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

ஒசூர் மாடி வூட்டில் காற்றோட்டமாக வாழும் மாதவராஜ் மாமா அவர்களுக்கு, அக்கா மகள் தேவிப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், உங்கள் கிட்டார் நலம். அதன் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற உங்கள் ஃபஸ் பெட்டிக்கு மட்டும் காய்ச்சல். வாட்ஸ்அப்பில் நீல டிக் போட்டுவிட்டு நீங்கள் தலைமறைவானதால் தபாலில் துரத்துகிறேன்.

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா. சாயங்காலம் ஏழு மணிக்கு மேடையில் உங்கள் பெயரைப் போட்டாயிற்று. நீங்களோ "பழைய சத்தம் வந்தா வர்றேன் கண்ணு" என்றீர்கள். அந்தச் சத்தம் உங்கள் குழு மேடையில் வாசித்தபோது பதிவான கேசட்டில் இருக்கிறது. காடாத்துணியைக் கிழிப்பது போலக் கிட்டார் கரகரக்கும். பாட்டு முடிந்ததும் "யாராச்சும் தண்ணி குடுங்கப்பா" என்று நீங்கள் கெஞ்ச, கூட்டம் சிரிக்கும். நான் பிறப்பதற்கு முந்தைய சிரிப்பு அது. இருந்தும், நானும் அங்கே உட்கார்ந்திருந்து எழுந்து வந்தது போல ஏக்கமாக இருக்கிறது.

பெட்டிக்குள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டு. இரண்டுமே லீக். பிடித்து வைக்க வேண்டிய மின்சாரத்தைக் கசிய விடும், சூடேறினால் இன்னும் கசியும், நம்ம சுகுணா அத்தையிடம் ரகசியம் சொன்ன மாதிரி. சரி என்று லீக் இல்லாத புதுசை மாட்டினேன், கிட்டார் கரகரப்பே இல்லாமல் ஆண்டு விழா வரவேற்புரை வாசித்தது. மறுபடி பழசையே மாட்டி, சூடுதானே வில்லன் என்று பெட்டியை ஃபிரிட்ஜில் வைத்து, வயரை மட்டும் வெளியே இழுத்து வாசித்தால், கதவு மூடாமல் இட்லி மாவு பொங்கிவிட்டது, அம்மா வந்து, "உன் மாமன் கிட்டாரைத் தொட்ட நாள்லருந்து இந்த வூட்ல எந்தக் கதவும் ஒழுங்கா மூடுனதில்ல" என்றார், அதனால குச்சி ஐஸ் விக்கிற சந்திரன் அண்ணன்கிட்ட கெஞ்சி, அவரோட ஐஸ் பெட்டிக்குள்ள ஃபஸ் பெட்டியை வெச்சு வாசிச்சேன், சத்தம் வெண்ணெயா வழுக்குது, ஆனா அவர் மூடியைத் தொறக்கவும் முடியாம, "பாப்பா, பாட்ட சீக்கிரம் முடி, சேமியா ஐஸ் கேட்டுப் பசங்க நிக்கறாங்க"ங்கறார். அதைப் பதிவு பண்ணி அனுப்பினதுக்குத்தான் நீங்க, "சுத்தமா இருக்கு கண்ணு. ஆனா அது நாங்க இல்ல"ன்னு சொல்லிட்டுக் காணாமப் போனீங்க.

நீங்க இல்லன்னா என்ன மாமா, உங்க பங்காளி மாதிரியாவது இருக்குதே. வந்துடுங்க. ஐஸ் பெட்டிக்குச் சொல்லி வெச்சாச்சு.

அத்தைக்கு என் அன்பு. படித்துக் காட்டும்போது அந்த ரகசிய வரியை மட்டும் விழுங்கிவிடவும். மாரியம்மன் உங்கள் விரல்களை மறக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கேசட்டைத் தேய்த்தே தீர்க்கும்
தேவிப்பிரியா

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் நனைந்த ஃபஸ் பெட்டியை அம்மா மொட்டை மாடியில் புளியோடு சேர்த்துக் காயவைத்திருக்கிறார். தொட்டால் கை சுடுகிறது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க கிட்டாரையும் ஸ்பீக்கரையும் அங்கேயே தூக்கிப் போய் ஒரு கம்பியைத் தட்டினேன். காடாத்துணி கிழிந்தது. கேசட்டில் நீங்கள் தண்ணீர் கேட்டது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வாசித்தது உச்சி வெயிலில். "மாதவா, எப்படா வந்த?" என்று கேட்டுக்கொண்டே அம்மா படியேறி வந்தார்.

உங்களை மதியம் பன்னிரண்டுக்கு மாத்திட்டேன் மாமா. குடை எடுத்துட்டு வாங்க. தண்ணி நான் குடுக்கறேன்.