பெரியக்கா எழுதித் தர மாட்டாள்

பில் போடும் திரையில், 'பொறு' என்று சொல்லும் அந்த வட்டம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. வாசலில் பம்புகளை ஏற்றிக்கொண்டு நின்ற லாரிக்காரர் பில் கேட்டு ஓயாமல் ஹாரன் அடித்தார்.

பில் பிரிவு மொத்தமும் பெரியக்காவைப் பார்த்தது. பிரிவின் தலைவி அவள்தான். கணக்கையெல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கும் வாடகை சர்வருக்கு, அதாவது கிளவுடுக்கு, மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தவளும் அவள்தான்.

முதலாளி அறைக்கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"உன் கிளவுடு இன்னிக்காவது நகருமாம்மா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலேன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துடு."

"ஓடும் சார். ஓட வெக்கிறேன்."

அந்தச் சந்தோஷத்தை மட்டும் இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று கறுவிக்கொண்டே, சர்வர் கம்பெனியின் பராமரிப்புக்காரரைப் போனில் பிடித்தாள்.

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா மேடம்?"

பண்ணினார். பாதி அடித்து வைத்திருந்த பில்கள் எல்லாம் காற்றோடு போயின. போனால் போகட்டும் என்று பெரியக்கா முதலாளியிடம் ஓடினாள்.

"இப்பப் பாருங்க சார், பறக்கும்!"

அவர் பார்க்க உட்கார்ந்தார். வட்டம் முன்னைவிட நிதானமாகச் சுற்றியது.

"அப்ப பெரிய சர்வருக்கு மாத்திடலாம் மேடம்," என்றார் பராமரிப்புக்காரர் போனில்.

மாற்றியதில் எல்லோருடைய பாஸ்வேர்டும் செல்லாமல் போய், மத்தியானம் வரை பிரிவே ஈ ஓட்டியது. "இப்ப நிச்சயம் சார்," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் வட்டம் வந்து உட்கார்ந்திருந்தது.

பராமரிப்புக்காரர் இழுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பக்கத்துலதான் யாரோ கனமா எதையோ ஓட விடுறாங்க."

"என் பசங்க மேல பழி போடாதீங்க! அவங்க தும்முறதா இருந்தாக்கூட என்னைக் கேட்டுத்தான் தும்முவாங்க."

வெள்ளிக்கிழமை முதலாளி ஒரு வெள்ளைத்தாளை அவள் மேஜைமேல் வைத்தார்.

"எழுது."

பெரியக்காவுக்கு அழுகை முட்டியது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"எழுத மாட்டேன் சார். நானா எழுதினா தப்பு என்னோடதுன்னு ஆயிடும். முடிஞ்சா நீங்களே தூக்குங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

"மாட்டியா?"

"மாட்டேன்!"

முதலாளி லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இந்த ஆபீஸ்ல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று கத்திவிட்டு, காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

கார் தெருமுனையைத் தாண்டியிருக்காது, பில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பசங்கள் கை தட்டினார்கள். பெரியக்கா பராமரிப்புக்காரருக்குப் போன் போட்டு வாயார வாழ்த்தினாள்.

"நான் இன்னிக்கு எதையுமே தொடலையே மேடம்," என்றார் அவர் குழப்பத்தோடு.

கொஞ்ச நேரம்தான். வட்டம் திரும்பி வந்தது. கூடவே முதலாளியின் மனைவியிடமிருந்து போனும் வந்தது.

"ஏம்மா, ஆபீஸ்லயும் இவர் இப்படித்தானா? வீட்டுக்கு வந்ததுலேருந்து சாப்பிடக்கூட எழுந்திரிக்காம, 'வேகமாயிடுச்சா பார்ப்போம், வேகமாயிடுச்சா பார்ப்போம்'னு, கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து இருக்கற மொத்தக் கணக்கையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை வரவழைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்காரு!"