கார்ட்லெஸ் அண்ணன் வீட்டு மாடி ரூட்டர்

மதுரையில் தொலைபேசியை நடக்க வைத்தவர் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். தொண்ணூறுகளில் பழங்காநத்தத்து வீடுகளில் போன் என்பது முக்காலியின் மேல் துணி போர்த்தி உட்கார வைக்கப்பட்ட ஒரு பொருள். இவருடைய போன் மட்டும் இவரோடு டீக்கடைக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த கார்ட்லெஸ் போன். லுங்கி மடிப்பில் அதைச் செருகிக்கொண்டு, ஏரியல் விலாவில் குத்தக் குத்தத் தெருமுனை வரை நடப்பார். எதிரே வருகிறவர்களிடம் போனைத் தூக்கிக் காட்டி, "ஒயரு எங்க இருக்கு? தேடிக் கண்டுபுடி பாப்போம்" என்பார்.

சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. இயற்பெயரை ரேஷன் கார்டு மட்டுமே அறிந்திருந்தது. தெருவுக்கு அவர் கார்ட்லெஸ் அண்ணன்.

அவர் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிபோனது, பிராட்பேண்ட் எங்கள் தெருவுக்குள் எட்டிப் பார்த்த காலம். போன் பழசாகி, அதைவிடப் பெரிய சூரனாக வேறொரு கார்ட்லெஸ்ஸை மச்சான் அனுப்பியிருந்தார். கீழே கூடத்தில் வைஃபை ரூட்டரும் வந்துவிட்டது. தெருவிலேயே முதல் ரூட்டர். அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்.

என் மனைவி சாந்திக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். குழந்தை பிறந்த பின் கிடைத்த முதல் வேலை. கார்ட்லெஸ் அண்ணன் விஷயத்தைக் கேட்டு மலைத்துப் போனார்.

"தங்கச்சி, அப்ப அமெரிக்காக்காரனுக்கு வயித்து வலின்னா, நம்ம மாடியில தட்டிவிட்டாத்தான் வைத்தியமா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே, சும்மா டைப் அடிக்கிறதுதான்."

"நீ அடக்கமா சொல்ற. எனக்குத் தெரியும்."

மறுநாள் டீக்கடையில் சாந்தி பாதி டாக்டர். அந்த வாரக் கடைசியில் முழு டாக்டர். வெற்றிலைக்கடைக்காரர் என்னை நிறுத்தி மூட்டு வலிக்கு மருந்து கேட்டார்.

கீழே இருந்த சிக்னல் மாடிக்கு ஏறவில்லை. அண்ணன் யோசிக்கவே இல்லை. இரண்டாவது ரூட்டர் வாங்கி வந்தார். கீழ் ரூட்டரின் சிக்னலைக் காற்றிலேயே பிடித்து மாடியில் பரப்பும் வகை. அதுதான் பிரச்சினையின் தொடக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று பொத்தென்று போய்விடும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும். சாந்தி அனுப்பிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் செத்திருக்கும். திரும்ப முதலிலிருந்து.

"அண்ணே, கீழேயிருந்து ஒரு ஒயரை இழுத்துருவோமா?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சைவச் சாப்பாட்டுக் கடையில் நெஞ்செலும்பு கேட்டவனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். "கார்ட்லெஸ் வீட்டுல ஒயரா? தம்பி, ஊரு சிரிக்கும்."

ஆகவே ஆராய்ச்சி தொடங்கியது. ரூட்டரைப் பீரோ மேல் வைத்தார். பரணில் வைத்தார். கொடியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். மிக்ஸிதான் அலையைக் கலைக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல, இரண்டு வீட்டிலும் பகலில் சட்னி அரைப்பது நின்றது. அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். "ஒங்க டப்பாவுக்காக எம்புட்டு நாளைக்கு இட்லிக்குப் பொடிய தொட்டுக்கிறது?" என்று மதினி கேட்டதற்கும் அசரவில்லை. பக்கத்து வீட்டுப் புறாக்கள் மேல் சந்தேகம் வந்தது. திருஷ்டியாகவும் இருக்கலாம் என்று ஏரியலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். எதற்கும் மசியாதபோது ரூட்டரைச் சௌராஷ்டிரத்தில் திட்டினார். வீட்டு மொழியில் திட்டினால்தான் வீட்டுப் பொருளுக்கு உறைக்கும் என்பது அவர் சித்தாந்தம்.

கம்பெனிக்குப் போன் போடுவதுதான் உச்சகட்டம். ரூட்டரின் நெஞ்சுக்கு நேரே நின்றுகொண்டு கார்ட்லெஸ்ஸில் பேசுவார்.

"ஹலோ, பழங்காநத்தத்துல இருந்து பேசுறேன். காலையில இருந்து… இந்தா! ஒங்ககிட்ட பேசும்போதே போயிருச்சு பாருங்க! எம்புட்டுத் திமிரு இருந்தா ஓனர் முன்னாடியே போகும்?"

போனை வைத்ததும் நெட் வந்துவிடும். அண்ணன் மீசையைத் தடவிக்கொள்வார். "ஒரு சத்தம் போட்டேன். அலறியடிச்சு விட்டுட்டாய்ங்க பாத்தியா?"

கம்பெனிக்காரர் நேரில் வந்து பார்த்தபோது ரூட்டர் அன்றைக்குப் பிறந்த கன்றுக்குட்டி போல சமர்த்தாக இருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்குள் சாந்தியின் அலுவலகத்தில் பொறுமை தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை கோப்பு தாமதமானால் அடுத்த வாரத்திலிருந்து வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரூட்டரின் அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேள்விப்பட்ட அண்ணன் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "நம்ம வீட்ல நெட்டு சரியில்லாம ஒரு பொண்ணு வேலைய விட்டுச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட தெருவுல நடக்குறது?"

மறுநாள் பரவையில் ஒரு கல்யாணம். அண்ணனும் மதினியும் விடிந்ததும் கிளம்பிப் போனார்கள். அன்று நெட் ஒரு தடவைகூடப் போகவில்லை. சாந்தி முந்தைய பாக்கியையும் சேர்த்து அனுப்பி முடித்தாள்.

சாயங்காலம் பட்டு வேட்டியோடு நேராக மாடிக்கு ஏறி வந்தார். "நான் இல்லாம ரொம்ப கஷ்டப்பட்டியா தங்கச்சி?"

சாந்தி பதில் சொல்வதற்குள் அவர் இடுப்பில் கார்ட்லெஸ் மணி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றார். ரூட்டரில் விளக்கு அணைந்தது.

"அண்ணே, போனை வைங்க" என்றாள் சாந்தி.

வைத்தார். சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது.

"இப்ப எடுத்துப் பேசுங்க."

எடுத்தார். அணைந்தது.

அவரே இன்னொரு தரம் செய்து பார்த்தார். போனைப் பார்த்தார், ரூட்டரைப் பார்த்தார். இரண்டும் ஒரே அலைவரிசையில் பேசி ஒன்றையொன்று அமுக்குகின்றன என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். எனக்கு உள்ளூர பயம். இத்தனை வருடமாக அந்தப் போன்தான் அவருக்குப் பெயர், பட்டம், கிரீடம் எல்லாம். மனிதர் உடைந்துவிடுவாரோ?

கார்ட்லெஸ் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அம்புட்டுப் பெரிய கம்பெனி ரூட்டரு. என் போனு ஒத்தையா நின்னு சாச்சிருக்குன்னா, அதோட பவரு என்னன்னு பாத்துக்க மாப்ள!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே போனார். கார்ட்லெஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்தார். ஒயர் வைத்த சிவப்புப் போன் ஒன்று முக்காலிக்கு வந்தது. நடந்தே பேசிப் பழகிய மனிதர், அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்து பேசினார். கால்கள் மட்டும் தரையில் நடந்துகொண்டே இருக்கும். "என்ன கார்ட்லெஸ்ஸு, கட்டிப் போட்டுட்டாய்ங்களா?" என்று டீக்கடையில் கேலி செய்தவர்களுக்கு ஒரே பதில்தான்: "மாடியில அமெரிக்கா கேஸு ஓடுது. நாமதான்யா பொறுப்பா இருக்கணும்."

அதன்பின் நெட் போகவில்லை. மிக்ஸி மறுபடி ஓடியது. சாந்தியும் எடுத்ததைச் சரியாகச் செய்கிறவள். கொஞ்ச காலத்தில், மற்றவர்கள் அடித்ததைத் திருத்தும் பொறுப்புக்கு அவளை உயர்த்தினார்கள். அந்தச் செய்தி வந்தபோது அவள் செல்போனில் சார்ஜ் இல்லை. அலுவலகத்தார் கீழ்வீட்டு எண்ணுக்கு அடித்தார்கள். அண்ணன்தான் எடுத்தார்.

கேட்டதும் சந்தோஷத்தில், கையில் இருப்பது ஒயர் வைத்த போன் என்பதை மறந்துவிட்டார். "தங்கச்சீ!" என்று கூவிக்கொண்டு ரிசீவரோடு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே முக்காலியும் போனும் இழுபட்டு வந்து நிலைப்படியில் மோதின. சிவப்புப் போன் இரண்டாகப் பிளந்தது. ஒயர் தொங்கும் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி மாடியைப் பார்த்துச் சொல்லி முடித்தார். மதினி ஓடி வந்து சில்லுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"குடியிருக்கிறவங்களுக்கு வேலை ஒசந்துச்சுன்னா நீங்க எதுக்கு இப்படி ஒடைக்கிறீங்க?"

"யாரு குடியிருக்கிறவங்க?" என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மாடிப்படியில் நின்றிருந்த சாந்தியின் காதில் அது விழுந்தது. பிறந்த வீட்டைப் பற்றி இன்றைக்குப் பேச்சு வந்தாலும், அவள் முதலில் சொல்வது பழங்காநத்தத்தைத்தான்.