நிப்பாட்டு டொக்டர்

செத்த ஆட்டின் விலாவெலும்புக்குப் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொடுத்து, அது மறுபடியும் செத்ததும் ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவர் இந்தக் கண்டிச் சீமையிலேயே ஒருவர்தான். அவர் டொக்டர். அதிலும் எனக்கு மேலதிகாரி.

காவலாளி முதல் நோயாளி வரை எல்லாருக்கும் அவர் 'நிப்பாட்டு டொக்டர்'. யாழ்ப்பாணத்துக்காரர். மழை பெய்தால் மலை சரியும் என்பார். வெயில் அடித்தால், அடுத்து மழைதானே என்பார். அவர் சிரித்ததைக் கண்டவர்கள் உண்டென்று கேள்விப்பட்டேன், நம்பவில்லை.

நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரை முதுகுப் பக்கமாக ஊசி போட்டு எடுக்க, பயிற்சி டொக்டர்களான எங்களைப் பழக்குவது அவர் பொறுப்பு. கொஞ்சம் தவறினால் ரத்தக்குழாய் அறும், இல்லாவிட்டால் நுரையீரல் ஓட்டையாகும். ஆகவே ஆளைத் தொடுமுன் ஆடு. கட்டுகஸ்தோட்டை இறைச்சிக் கடையில் விலாவெலும்பை முழுசாகக் கேட்பார்.

"குருமாவுக்கா டொக்டர்? துண்டு போட்டுத் தாரேன்" என்றாராம் கடைக்கார நானா.

"வேண்டாம். என்ர பெடியள் குத்திப் பழக வேணும்."

அதற்குப் பிறகு நானா எந்த நோய்க்கும் எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

விலாவெலும்புக்குப் பின்னால் ஊதிய பலூன் ஒன்றைக் கட்டுவார். அதுதான் நுரையீரல். என் முறை வந்தபோது எலும்பை நோயாளியாக அறிமுகப்படுத்தினார்: "இவர் பிலிமத்தலாவையிலை கடை வச்சிருக்கிறார். பெண்சாதி, கலியாணம் கட்டாத ரெண்டு குமர்ப்பிள்ளையள். எலும்பின்ர மேல்கரையோடை போ. கீழ்க்கரையிலை ரத்தக்குழாய் ஓடுது."

நான் குத்தினேன். பலூன் டப்பென்று வெடித்தது.

"ஆள் முடிஞ்சுது. போய் வீட்டுக்காரருக்குச் சொல்லு."

நான் கையுறையோடு விறாந்தைக்குப் போவதற்குள் அவர் முந்திக்கொண்டு அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், செத்தவரின் அண்ணனாக. "ஐயோ, என்ர தம்பி! காலமை தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தவனே!" யாரையோ பார்க்க வந்த இரண்டு சிங்கள அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதார்கள். ஆட்டின் அண்ணனிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். சிரிப்பு வரவில்லை. ஊசியை எடுக்கும்போதெல்லாம் இல்லாத அந்த இரண்டு பெண்களும் கண்முன் வந்து நின்றார்கள்.

ஆட்டைத் தாண்டி ஆளுக்கு வந்தால் அங்கே ஒரு சட்டம். அறையில் இருக்கும் யார் "நிப்பாட்டு" என்றாலும், நர்ஸோ அட்டெண்டனோ நோயாளியோ, ஊசிக்காரன் கை அப்படியே நிற்க வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்கலாம். கோபிக்கவே கூடாது. நோயாளிக்கும் முதலிலேயே சொல்லிக் கொடுத்து, "இன்னும் உரத்து!" என்பார். வார்டே "நிப்பாட்டு", "நவத்தன்ன" என்று தமிழிலும் சிங்களத்திலும் அலறும்.

ஒருநாள் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவரின் முதுகை என் ஊசி தொடப்போகிற நேரம், "நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். உறைந்துபோனேன்.

"என்னங்கம்மா?"

"மகன் பார்க்க வந்து வெளிய நிக்கிறானுங்க. கடைசி பஸ்ஸு போயிருமா?"

நான் பல்லைக் கடித்தேன். டொக்டரோ வெகு மரியாதையாக, "பஸ் இருக்கு அம்மா. கேட்டது நல்லது" என்றார்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முந்தி ஒரு பிள்ளைக்குப் பிழையான பக்கம் குத்தினனான். அறையிலை நிண்டவைக்குத் தெரியும். நான் டொக்டர் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை." அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சில வருடங்களில் அவர் நெஞ்சிலேயே நீர் கட்டியது. புற்றுநோய். என்னைத்தான் கூப்பிடச் சொன்னார். மேசையில் சாய்ந்து முதுகைக் காட்டியபடி தன்னைத்தானே அறிமுகப்படுத்தினார்: "இவருக்குப் பெண்சாதி பிள்ளையள் இல்லை. பலூனும் பழசு."

ஊசி தோலைத் தொடுமுன், "நிப்பாட்டு!"

கை நின்றது. "என்ன சேர், வலிக்குதா?"

"இல்லை. நிப்பாட்டுறியோ எண்டு பாத்தனான். இனிச் செய்." அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நீர் மறுபடி கட்டியது. எடுத்தேன். மறுபடியும் கட்டியது. ஆள் எலும்பும் தோலுமாகிக்கொண்டே போனார். ஒரு காலையில் மருந்து தடவி ஊசியைக் கையில் எடுத்தேன்.

"நிப்பாட்டு" என்றார் மெதுவாக.

"நிப்பாட்டிட்டேன் சேர். செய்யவா?"

"இது சோதினை இல்லையடா தம்பி. காணும், இனி வேண்டாம்."

எத்தனையோ பேர் சொல்லி நின்ற கை. அன்று அதற்கு நிற்க மனமே இல்லை. ஆனாலும் நின்றது. ஊசியைத் தட்டில் வைத்தேன்.

அவர் போன அன்று, விறாந்தை வாங்கில் உட்கார்ந்து அழ அவருக்கு அண்ணன் தம்பி என்று யாரும் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன்.