பதினேழாம் நம்பர் மேலே வரவில்லை

டாக்டருக்கு உதவியாக இருக்கவென்றே பகவான் படைத்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எட்டாவது பெயில்.

பக்கத்து வீட்டுப் பெண் பெங்களூரில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டாவதில் பயாலஜி வேண்டுமாம். நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், சொல்லாததையும் கண்டுபிடிக்க வேண்டுமாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு டோக்கன் அண்ணன் ஞாபகம்தான்.

அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த வாரமே கிளினிக்கைச் சுரங்கமாக்கிவிட்டார். சுரங்கத்தில் கீழே இறங்குகிறவருக்குக் கொடுப்பது போல, உள்ளே வருகிறவருக்கெல்லாம் பித்தளை டோக்கன். போகும்போது திருப்பித் தர வேண்டும். பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்ததும், ஆளை இறக்கும் சுரங்க லிஃப்டான கேஜ் நிரம்பிவிட்டது போல விசில் அடிப்பார். "கேஜ் ஃபுல்! அடுத்த டிரிப்புல வாங்க!"

டாக்டர் டீ குடிக்கக் கிளம்பினாலும் விடமாட்டார். "டோக்கன வச்சிட்டுப் போங்க டாக்டர்." அவரும் வைத்துவிட்டுத்தான் போவார்.

நோயாளியை முதலில் விசாரிப்பதும் அண்ணன்தான். "டாக்டர், மூணாம் நம்பரு காய்ச்சல்னு சொல்லும், நம்பாதீங்க. கல்யாண வூட்டுல ரெண்டு பந்தி உக்காந்துட்டு வந்துகீது."

ஒரு நாள் நெஞ்சைக் கரிக்கிறதென்று என் வீட்டுக்காரர் அங்கே போனார். முறை வருவதற்குள் ஊசித் தட்டைப் பார்த்துவிட்டு, டோக்கனோடு நழுவி வந்து படுத்துக்கொண்டார். மத்தியானம் எங்கள் வாசலில் விசில்.

"இன்னாம்மா, பதினேழாம் நம்பரு இன்னும் மேல வரல?"

"உள்ளதான் படுத்துகினு கீறாருண்ணே."

"டோக்கன் வரலன்னா ஆளு கீழயே கீறான்னு அர்த்தம்மா. தேடாம ஷிப்ட்ட முடிக்க மாட்டோம்."

உள்ளேயிருந்து இவர் கத்தினார். "வெறும் கேஸ் ட்ரபுளுதான்! டோக்கன எடுத்துக் குடுத்து அனுப்புடி!"

"டோக்கன் கெடக்கட்டும் மச்சான், ஆளு வேணும்" என்று அண்ணன் உள்ளே நுழைந்தார். இவர் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அண்ணன் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அடுத்த நிமிடம் ஆட்டோவை நிறுத்த அவர் அடித்த விசிலில் தெருவே வெளியே வந்தது.

ஹார்ட் அட்டாக். "இன்னும் அரை மணி கழிச்சு வந்திருந்தா..." என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார்கள். மீதியை நான் காதில் வாங்கவில்லை. முருகா, முருகா என்றே நின்றிருந்தேன்.

அண்ணன் இப்போது மகள் வீட்டோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். இந்தக் கிருத்திகைக்குக் கோயிலில் என் வீட்டுக்காரரோடு அவருக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னேன். குருக்கள் பேர் கேட்டார். இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரியவே தெரியாது. "எங்க அண்ணன்னு சொல்லுங்க சாமி" என்றேன். நட்சத்திரம் கேட்டார். இவருடையதையே கொடுத்துவிட்டு வந்தேன்.