மூன்று சக்கரமும் ஓர் இரும்புப் பலகையும்

பயந்த சுபாவமுள்ள அப்பன்மார் கையில் வெல்டிங் மெஷின் கிடைக்கவே கூடாது. எனக்குக் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் கணபதியில் சின்னதாக ஒரு பம்புசெட் பட்டறை வைத்திருந்தேன். (டிப்ளமோ படித்தவன் என்ற மிதப்பு வேறு.)

மகள் கவிதா அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தெரியப் பிள்ளைகள் போவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றை நானே செய்துவிட்டேன்.

"ஏனுங்க, ஆட்டோவுல போற புள்ளைக எல்லாம் ஊடு வந்து சேரறதில்லீங்களா?" என்றாள் மனைவி சரஸ்வதி.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் வளைவில் லேசாகச் சாய்ந்தது. (கவிதா சிரித்தாள். எனக்குத்தான் காய்ச்சல் வந்தது.) இனிச் சாயவே கூடாதென்று கனமாக ஓர் இரும்புப் பலகை வார்த்து அடியில் முடுக்கினேன். யாராவது வந்து இடித்துவிட்டால்? சுற்றிலும் இரும்புக் குழாயில் கூண்டு, மேலே தார்ப்பாய்க் கூரை. பாரம் தாங்காமல் மோட்டார் திணறியது. இன்னொரு லாரி பேட்டரியை ஏற்றினேன்.

மாதம் முடிவதற்குள் பின் டயர்கள் மொழுக்கென்று தேய்ந்துவிட்டன. புதிது போட்டேன். அவையும் அப்படியே. எனக்குச் சந்தேகம் வந்தது, டயர் கடைக்காரர் மேல்.

"பழைய டயருக்குப் பாலிஷ் போட்டு வித்துப்போட்டீங்களா பாய்?"

கடை நிறைய ஆட்கள். பாயின் முகம் சுண்டிப்போனது. "அப்படி இருக்காதுங்க. எதுக்கும் வேற ஜோடி கொண்டுபோங்க, காசு வேண்டாமுங்க" என்றார். கூச்சமில்லாமல் வாங்கி வந்தேன்.

அடுத்து வந்தது பள்ளி ஆண்டு விழா. கவிதா பட்டாம்பூச்சி. முதல் நடனமே அவள் வகுப்புப் பிள்ளைகளுடையது. பல நாட்களாக வீடு முழுக்கச் சிறகடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை, பள்ளிக்கு ஒரு தெரு முன்னால் டமாரென்று டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்தது. கூண்டு முறுக்கிக்கொண்டு கதவு திறக்கவில்லை. உள்ளே பட்டாம்பூச்சி.

"மைக்குல பேச ஆரம்பிச்சுட்டாங்கப்பா! அடுத்தது நாங்கதானுங்கப்பா!" என்று அழுதாள்.

விழாவுக்கு வந்த அப்பாக்கள் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை.

"ஏனுங்க, உள்ள கிரைண்டரா வெச்சிருக்கறீங்க?"

தெரிந்த குரல். திரும்பினால், மகளைக் கையில் பிடித்தபடி டயர் கடை பாய்.

நான் வாய் திறப்பதற்குள் கூண்டிலிருந்து பதில் வந்தது. "கிரைண்டர் இல்லீங்க மாமா. அடியில பெரிய இரும்புப் பலகை இருக்குதுங்க. லாரி பேட்டரியும் இருக்குதுங்க. எல்லாம் எங்கப்பாதான் வெச்சாருங்க."

பாய் குனிந்து பலகையைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது. தார்ப்பாய்க் கூரையைக் கிழித்து அவளை மேலே தூக்கியவரும் அவர்தான். ஒரு சிறகு கம்பியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது வந்தது அதே பள்ளிக்கூட ஆட்டோ. "ஏறு கண்ணு!" என்றார் டிரைவர். பிள்ளைகளின் இடுக்கில் புகுந்து, மிச்சமிருந்த சிறகு வெளியே தெரியப் போனாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பாதி நடனம். வரிசைக் கடைசியில், நெற்றியில் கிரீஸோடு, ஒற்றைச் சிறகுப் பட்டாம்பூச்சி சுழன்றுகொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"நாளையில இருந்து ஆட்டோவுலயே போறனுங்கப்பா" என்றாள் வீட்டுக்கு வரும் வழியில்.

மறுநாள், கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, உடுங்க" என்றார் பாய். "ஆனா வண்டிய மட்டும் வித்துப்போடாதீங்க. ரெண்டு வண்டி இப்படி ஓடுனா நான் இன்னொரு கடை போட்டுருவனுங்க."

அந்தப் பலகை இப்போது எங்கள் வீட்டில் துணி துவைக்கும் கல். கவிதா மொபெட்டில் கல்லூரிக்குப் போகிறாள். காலையில் ஹெல்மெட், வேகம், லாரி என்று நான் ஆரம்பித்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொல்கிறாள்: "அப்பா, டயர் தேயுதுங்க!"

உள்ளே சரஸ்வதி சிரிக்கிறாள். நான் கேட்டைத் திறந்துவிடுகிறேன். (கவிதா தெருமுனை திரும்பிய பிறகும் கேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன், எங்காவது டமார் கேட்கிறதா என்று.)